வாசலில் நிற்கும் வள்ளம்

மடக்கிய விரலால் வள்ளத்தைத் தட்டிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோய் வைக்கிறார் அருள்நாயகி. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து கதவைத் தட்டுகிறவரின் பொறுமை அந்தத் தட்டில் இருக்கிறது. பிறகு வலமாக ஒரு சுற்று. டிரெயிலரின் டயருக்குக் காலால் ஓர் உதை. விற்பனையாளர் கொஞ்சம் தள்ளிப் புன்னகையோடு பின்தொடர்கிறார்.

"பின்பக்கம் கனத்துக் கேக்குது. உதுக்கு உள்ளுக்கு மரம் வைச்சிருக்கிறாங்கள். மரம் ஊறினதோ ஊறாததோ எண்டு பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு அடுத்த வள்ளத்துக்குப் போகிறார். அதற்கும் தட்டு.

இந்த வருடம் ஜனவரி முதல் கோடை தொடங்கும் வரைக்கும் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் அவர் தட்டிப் பார்க்காத அலுமினிய வள்ளம் குறைவு.

வோபர்னில் குடியிருக்கும் அருள்நாயகி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் மஞ்சள் பஸ்ஸின் சாரதி. வயது நாற்பத்தேழு. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் கீழே. சாரதி ஆசனத்தில் ஒரு தலையணை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. காலையில் பஸ்ஸை எடுக்கும் முன்னர் ஒருமுறை சுற்றிவந்து டயர், விளக்கு, கதவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது தொழில் விதி. எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அவர் வலமாகத்தான் சுற்றுவார், கோயில் வீதி மாதிரி. இந்தப் பழக்கம் பஸ்ஸோடு நிற்கவில்லை. கலியாண வீட்டுக்கு ஏற்றிப்போக வந்தவரின் காரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தம்பி, உங்கட பின்லைற் ஒண்டு எரியேல்லை" என்று சொன்ன பிறகே கதவைத் திறப்பார்.

கோடையில் பள்ளிக்கூடம் பூட்டினால் பஸ்ஸும் நின்றுவிடும். மற்றச் சாரதிகள் கடைகளிலும் பாக்டரிகளிலும் தற்காலிக வேலை தேடுவார்கள். இவர் தூண்டிலோடு பிக்கரிங்கில் பிரெஞ்சுமன்ஸ் குடாவின் கல்லணைக்குப் போய்விடுவார். கரையில் நின்று எறிவது பல வருடம் நடந்தது. வள்ளத்தில் வந்தவர்கள் தன் தூண்டில் எட்டாத இடத்தில் பாஸ் மீனை ஒவ்வொன்றாகத் தூக்குவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றதும் அதே பல வருடங்கள்தான். "எட்டாத இடத்திலைதான் மீன் நிக்கும். அது மீனின்ரை குணம். நாங்கள்தான் எட்டவேணும்," என்கிறார்.

அவர்கள் பிடித்த மீனைத் திருப்பித் தண்ணீரில் விடுவது அவருக்கு இன்னும் பிடிபடாத விஷயம். "பிடிச்சு, படம் எடுத்து, ஒருத்தன் கொஞ்சியும் விட்டவன். பிறகு போட்டு வா எண்டு விடுறாங்கள். மீனோ மருமகனோ?" பாஸ் மீனைப் பற்றிய அவருடைய சொந்தத் தீர்ப்பு: முள்ளும் குறைவு, ருசியும் குறைவு, சொதிக்கு வேண்டுமானால் ஆகும்.

ஜனவரியில் எக்சிபிஷன் மைதானத்து மண்டபத்தில் வள்ளக் கண்காட்சி. வெளியே முழங்கால் பனி, உள்ளே வள்ளங்கள். பாஸ் பிடிப்பதற்கென்றே செய்த வள்ளங்கள் மினுக்கப் பூச்சோடு விளக்கு வெளிச்சத்தில் தகதகத்தன. அருள்நாயகி இடுப்பில் கைவைத்து நின்றார். "உது வள்ளமோ, சாமி வாற சப்பரமோ?" தளத்தில் கம்பளம் ஒட்டியிருந்ததைக் கண்டதும் குனிந்து தடவிப் பார்த்தார். "மீன் காலைத் துடைச்சிட்டு ஏறவேணுமாக்கும்." விலைச்சீட்டைப் பார்த்தபோது பகடிகூட வரவில்லை. நேரே அலுமினியம் நிற்கும் மூலைக்கு நடந்தார்.

அலுமினியத்தில் அவருக்கு நம்பிக்கை வர நீண்ட காரணம் தேவைப்படவில்லை. பாரம் குறைவு, வீட்டு வான் வண்டியே இழுக்கும். கல்லில் முட்டினால் வெடிக்காது. பூச்சு அடிக்கத் தேவையில்லை. "சட்டி மாதிரி. நெளிஞ்சால் தட்டி எடுக்கலாம்."

ஆனால் எந்த வடிவம் என்பதில் சறுக்கினார். கூர்மையான அடியுள்ள வள்ளம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அலையை வெட்டும், நம்பலாம். பாஸ் மீன் ஆழமில்லாத பாசித் தண்ணீரில் கிடப்பது, அங்கே அகலமும் தட்டையுமான அடிதான் ஆடாமல் நிற்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னபோது, "உவர் கடல் கண்டவரோ?" என்று கூடப் போயிருந்த என்னிடம் தமிழில் கேட்டார்.

மே மாதம் ஸ்கூகொக் ஏரியில் கூர் அடி வள்ளம் ஒன்றை ஒரு பகலுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கணவர் செல்வரட்ணமும் ஏறினார். கண்ணாடி ஜன்னல் செய்யும் பாக்டரியில் வேலை பார்க்கும், அதிர்ந்து பேசாத மனிதர் அவர். அருள்நாயகி எழுந்து நின்று தூண்டில் எறிந்த ஒவ்வொரு முறையும் வள்ளம் ஒருபக்கம் சரிந்தது; செல்வரட்ணம் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அப்பால் தட்டை அடி வள்ளம் ஒன்றில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒரே பக்கத்தில் எழுந்து நின்று கோப்பி குடித்தார்கள். வள்ளம் அசையவில்லை. அருள்நாயகி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "பிழை என்ரைதான். கடல் வேறை, குளம் வேறை."

குளம் என்றால் குளம்தான். ஏரி என்ற சொல்லை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அக்கரை தெரியாத ஒன்ராறியோவும் அவருக்கு உப்பில்லாத குளம்.

அதன் பிறகு தேடல் சுருங்கியது: தட்டை அடி, பதினாறு அடி நீளம், யாராவது பாவித்தது. பத்திரிகையின் வரி விளம்பரங்களைப் பார்த்து ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் வள்ளம் நல்லது, டிரெயிலர் துருப்பிடித்துப் போயிருந்தது. இன்னோரிடத்தில் டிரெயிலர் புதிது, வள்ளத்தின் கம்பளத்துக்கு அடியில் நாற்றம். "கலியாணம் பேசின மாதிரித்தான். பெடியனைப் பிடிச்சால் மாமியைப் பிடிக்காது."

போர்ட் பெரியில் ஒரு கிழவர் வீட்டுப் பின்வளவில் அருள்நாயகிக்குத் தன் வள்ளம் கிடைத்தது. தட்டினார், சுற்றினார். பிறகு பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கேட்டார். கழுவிப் பார்க்கப் போகிறார் என்று கிழவர் நினைத்தார். இவரோ டிரெயிலரில் நின்ற வள்ளத்துக்குள்ளே குழாயைப் போட்டுவிட்டு, அடியில் ஒரு பழைய சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார். உள்ளே விட்ட தண்ணீர் வெளியே கசிந்தால், வெளித் தண்ணீரும் உள்ளே வரும்; அவ்வளவுதான் கணக்கு. ஓர் ஆணியில் மட்டும் சொட்டியது. எழுந்து, பின்பக்கம் மோட்டரில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். மரம் அசையவில்லை. சொட்டைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னார். கிழவர் சிரித்துக் குறைத்ததோடு துடுப்பு இரண்டையும் சும்மா கொடுத்தார். "ஐ லைக் யூ," என்றார். "ஐ லைக் யுவர் போட்," என்றார் அருள்நாயகி, குறைத்த விலையை எண்ணிக் கொடுத்தபடி.

வள்ளத்தின் மூக்கில் அரசாங்கப் பதிவு இலக்கத்தை ஒட்ட வேண்டும். கடையில் வாங்கிய ஆங்கில எழுத்துகளை அளவாக ஒட்டி முடித்தார். அதற்கு மேலே, கறுப்பு ஒட்டுத்தாளில் தானே கத்தரிக்கோலால் வெட்டிய பெரிய தமிழ் எழுத்துகள்: மயிலிட்டி, விட்டு வந்த கடற்கரை ஊரின் பெயர். கடைசி 'டி'யின் வால் தண்ணீர் பட்டுப் பட்டு அடிக்கடி கிளம்பும். தெருவில் போகிற வருகிற நேரமெல்லாம் பெருவிரலால் அதை அழுத்திவிடுவார்.

நம் ஆட்கள் இங்கே புதிதாக ஒருவரைக் கண்டால் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் தெரியும். "ஊரிலை எந்தப் பக்கம்?" கேட்கிறவருக்கு வேண்டியது விலாசம் அல்ல. ஊர் தெரிந்தால் தொழில் தெரியும், தொழில் தெரிந்தால் சாதி தெரியும். செல்வரட்ணம் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். "கே.கே.எஸ். பக்கம்." துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் உள்ள பட்டணம், எல்லா வகை ஆட்களும் இருந்த இடம், கேட்டவர் எதையும் ஊகிக்க முடியாது. "பொய்யில்லைத்தானே. பக்கம்தானே," என்பார். அதே கலியாண மண்டபத்தின் மறுமூலையில் அதே கேள்விக்கு அருள்நாயகியின் விடை வேறு மாதிரி வரும்: "மயிலிட்டி. மீன்பிடிக்கிற ஆக்கள்."

தொண்ணூறில் யுத்தத்தால் அந்த ஊர் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தது. இந்தத் தொண்ணூற்றேழு வரைக்கும், ஏழு வருடமாக, அங்கே குடியிருக்க இராணுவம் ஒருவரையும் விடவில்லை. "ஊரிலை இருக்க விடேல்லை. வாயிலை இருக்கிறதையும் நான் விடுறதோ?" என்கிறார். இதை எழுதப் போகிறேன் என்றபோது, "பேரைப் போடுங்கோ, ஊரையும் போடுங்கோ. படம் போட்டால் வள்ளத்தையும் சேர்த்துப் போடுங்கோ," என்றார்.

ஆவணியில்தான் வள்ளத்துக்கு வினை வந்தது. மகள் மயூரி வங்கியொன்றில் வேலை செய்கிறாள். யோர்க் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ராகுலனும் அவளும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்துவிட்டார்கள். ராகுலனின் பெற்றோர் பிக்கரிங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். நடுவில் நின்று பேசியவர் செல்வரட்ணத்தின் தங்கை யோகராணி. அவர் அங்கே சொல்லி வைத்ததும் "கே.கே.எஸ். பக்கம்" தான்.

"மச்சாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் உந்த வள்ளத்தை எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ," என்றார் யோகராணி.

"ஏன், அவையின்ரை காருக்கு இடம் காணாதோ?"

"விளங்காத மாதிரி நடிக்காதேங்கோ. பேரை வேறை பெரிசா எழுதி வைச்சிருக்கிறியள். பிள்ளையின்ரை வாழ்க்கை."

"இஞ்சரும், ஒரு நாள்தானே," என்றார் செல்வரட்ணம்.

படியில் இருந்த மயூரி தலை நிமிரவில்லை. "ராகுலுக்கு போட்டைத் தெரியும், அத்தை. ரெண்டு தரம் வந்து ஃபிஷ் பண்ணினவர். அவரின்ரை பேரண்ட்ஸைத்தான் எனக்குத் தெரியாது." அருள்நாயகி மகளைப் பார்த்தார். "சரி, ஒரு நாள்," என்றார்.

ஞாயிறு காலை பட்டுச் சேலையோடு வானில் ஏறினார். ரெக்ஸ்டேலில் குணவதி என்றொரு சாரதித் தோழி. அவருடைய பின்வளவில் வள்ளத்தை விட்டுவிட்டு விருந்தினர் வரும் முன் திரும்புவது ஏற்பாடு. அன்றைக்கும் வலமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். பேச்சுத் துணைக்கு செல்வரட்ணம் என்னையும் கூப்பிட்டிருந்தார். ராகுலனின் தகப்பன் இராஜரட்ணம் நிமிர்ந்து உட்காரும் மனிதர். பக்கத்தில் தாய், அந்தப் பக்கம் ராகுலன். அவர்களின் வெள்ளிநிறக் கார் வாசலை அடைத்து நின்றது. "மச்சாள் ஒரு அலுவலாப் போட்டா, இப்ப வந்திடுவா," என்று யோகராணி வடைத் தட்டை மூன்றாம் தடவை நீட்டினார்.

அப்போது தெருவில் இரண்டு சிறிய ஹோர்ன் சத்தம். பஸ்காரர் பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம். ஜன்னலால் பார்த்தோம். வான் நின்றது. வானுக்குப் பின்னால் வள்ளம் நின்றது.

"என்ரை கடவுளே," என்று யோகராணி தட்டோடு உட்கார்ந்தார்.

நடந்ததை அருள்நாயகி பிறகு சொன்னார். குணவதி படலையைத் திறந்துவிட்டு, "என்னக்கா, களவெடுத்த வள்ளமோ ஒளிக்கக் கொண்டு வாறியள்?" என்று சிரித்திருக்கிறார். "பகடிக்குத்தான் கேட்டவள். எனக்கு மறுமொழி வரேல்லை. மறுமொழி சொல்லேலாத வேலையை நான் செய்யிறேல்லை." படலைக்குள் நுழையாமலே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது வானின் கண்ணாடியை இறக்கினார். "தம்பி ராகுலன், குறை நினைக்காதேங்கோ. காரை ஒருக்கா எடுத்து றோட்டிலை விடுங்கோ. வள்ளம் உள்ளுக்கு வரவேணும்."

ராகுலன் தகப்பனின் கையிலிருந்த கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடினான். மயூரி ஒரு கணம் கதவில் நின்றாள். பிறகு சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு இறங்கிப்போய், தாயின் பக்கக் கண்ணாடிக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையசைத்தாள். "வாங்கோ அம்மா, வாங்கோ. இன்னும் வாங்கோ."

ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் பக்கத்து வீட்டு மேப்பிள் மரம். டிரெயிலரைப் பின்னுக்கு விடுவதென்றால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஏரிக்கரையில் ஆண்கள் பலர் மனைவியிடம் ஏச்சு வாங்குவது இந்த இடத்தில்தான். அருள்நாயகி ஒற்றைக் கையால் திருப்பினார். நிறுத்தவில்லை, முன்னுக்கு எடுத்துச் சரிசெய்யவில்லை. வள்ளம் அதன் இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போய் நின்றது, மூக்கும் பெயரும் தெருவைப் பார்த்தபடி.

இறங்கி, சேலையை ஒரு கையால் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டையைக் காலால் தள்ளி அடைகொடுத்தார். இராஜரட்ணம் தேநீர்க் கோப்பையோடு படியிறங்கி வந்து வள்ளத்தின் முன்னால் நின்றார். எழுத்துகளை வாசித்தார். அவசரப்படாமல் செல்வரட்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"கே.கே.எஸ். எண்டுதானே சொன்னவை. நீங்கள் எந்தப் பக்கம்?"

யோகராணி வாயைத் திறந்தார். அதற்குள் செல்வரட்ணம் தொண்டையைச் செருமினார்.

"மயிலிட்டி," என்றார்.

அருள்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலைக் காற்றில் 'டி'யின் வால் மறுபடி கிளம்பியிருந்தது. குனிந்து, பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.