ஐந்தாம் அறையின் இரண்டு மணி மாத்திரை

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஜெனி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. நடந்தது நள்ளிரவிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், ராஜகீழ்ப்பாக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்தது.

ஜெனி அங்கே நர்ஸாகச் சேர்ந்து அன்றோடு ஆறு நாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்துபோவாள். மொத்தம் பதினான்கு அறைகள். இன்னொரு நர்ஸ் அன்று லீவு. வெளியே விடாத மழை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஜெனியும் ஆயா கங்கையம்மாளும் மட்டும்தான்.

ஐந்தாம் அறையில் ஜீவானந்தம் சார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பார்க்கின்சன் நோய். ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. கொஞ்சம் தாமதமானாலும் உடம்பு கட்டையாக விறைத்துவிடும். பேச்சு வராது. எச்சில்கூட விழுங்க முடியாது. மாத்திரை கொடுத்ததும் கதவருகே தொங்கும் சார்ட்டில் நர்ஸ் கையெழுத்துப் போடவேண்டும்.

1.40. பதினோராம் அறை அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். ஜெனி ஓடினாள். நெற்றியில் ரத்தம். கட்டுப் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். 1.57.

கிரீச்… கிரீச்…

வராந்தாவில் மருந்து வண்டியின் சக்கரம்.

எட்டிப் பார்த்தாள். வெள்ளை யூனிஃபார்மில் ஒரு நர்ஸ், முதுகைக் காட்டியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஐந்தாம் அறைக்குள் நுழைந்தாள். 'அப்பாடா, லீவு போட்டவங்க வந்துட்டாங்க' என்று ஜெனிக்கு மூச்சு வந்தது. நிதானமாகக் கட்டை முடித்தாள்.

2.14. நர்ஸ்களின் அறைக்குத் திரும்பினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மருந்து வண்டி அவள் விட்டுப்போன இடத்திலேயே நின்றது. பூட்டியபடி. சாவி அவள் பாக்கெட்டில். அந்த இல்லத்தில் இருப்பதே ஒரே ஒரு வண்டிதான்.

ஐந்தாம் அறைக்கு ஓடினாள். யாரும் இல்லை. ஜீவானந்தம் சார் விறைத்துக் கிடந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. கதவுப் பக்கம்… சார்ட்டின் பக்கம்…

இரண்டு மணிக் கட்டத்தில் கையெழுத்து இருந்தது. தொட்டாள். விரலில் நீல மை ஒட்டியது.

"அக்கா! உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

கங்கையம்மாள் ஓடிவந்தாள். "யாரும் வர்ல சிஸ்டர். நான் கேட்டாண்டயே குந்திகினு கீறேன்."

"சார்ட்ல சைன் இருக்கே… வேதான்னு."

கங்கையம்மாளின் முகம் வெளுத்தது. ஜெனியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சைனைப் பாக்காத சிஸ்டர். மாத்திரைய எண்ணு."

கொடுத்திருந்தால் மறுபடி கொடுப்பது ஆபத்து. கொடுக்காவிட்டால் அதைவிட ஆபத்து. வண்டியைத் திறந்து எண்ணினாள். ஜீவானந்தம் சாருக்காகக் காலையில் பிரித்த புது மாத்திரை அட்டை. பத்தில் இரண்டு போக, எட்டு இருக்கவேண்டும்.

எட்டும் இருந்தது.

அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். மாத்திரையை ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். தொண்டை அசையவில்லை… அசையவில்லை… அசைந்தது.

2.21.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சரக்… சரக்…

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம்.

கங்கையம்மாள் அவளுக்கு எதிரே நின்றிருந்தாள்.

ஜெனி திரும்பினாள்.

ஆறு மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது.

2.50க்கு ஜீவானந்தம் சாரின் விரல்கள் அசைந்தன. அப்புறம் உதடுகள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கண்ணாலயே கெஞ்சினேன்மா. 'குடுத்தாச்சு சார், குடுத்தாச்சு சார்'னு சொல்லிக்கிட்டே எழுதிட்டுப் போயிட்டா."

சாயங்காலம் ஆறு மணிக்கு, சார்ட்டைத் திரும்பியும் பார்க்காமல், ஜெனி அவருக்கு அடுத்த மாத்திரையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கங்கையம்மாள் வாயைத் திறந்தாள்.

"வேதா சிஸ்டர் மூணு வருஷம் முன்னாடி இங்க வேலை பாத்தது. மத்தியான டூட்டிக்கு வர்ற வழில லாரி மோதி, பன்னெண்டு மணிக்கே உசுரு பூட்ச்சு. எங்களுக்குப் போன் வந்ததே ராத்திரிதான். அன்னிக்கு இந்த ரூம்ல தாயாரம்மாள்னு ஒரு அம்மா. வலிப்புக்கு மாத்திரை. ரெண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் வேதா சைன் இருந்திச்சி. குடுத்தாச்சுன்னு நெனச்சி யாரும் குடுக்கல. ராத்திரி வலிப்பு வந்து, அந்தம்மாவும் பூட்டாங்க."

ஜெனி மெல்லக் கேட்டாள். "முந்தின நாளே சைன் போட்டு வெச்சிருப்பாங்க… இல்லக்கா?"

கங்கையம்மாள் தலையாட்டி மறுத்தாள்.

"அன்னிக்குப் புது சார்ட்டு மாட்டினதே நான்தான் சிஸ்டர். ஒரு மணிக்கு. வெறும் பேப்பரு."