அழுத்தமற்ற வலை

போன செவ்வாய்க்கிழமை மகள் விடைத்தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். உயர்தர வகுப்பு உயிரியல், தவணைப் பரீட்சை. கட்டுரை வினாவின் குறுக்கே சிவப்புப் பேனாவால் பெரிய கோடு.

அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரன் நான்தான்!

பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில், கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும் சத்தத்தையும் மீறி அவள் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். உயிர்க்கலத்துக்குள் 'அகமுதலுருச் சிறுவலை' என்று மடிப்பு மடிப்பாக ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் இரண்டு வகை — அழுத்தமானது, அழுத்தமற்றது. ஒன்றில் மட்டும் இறைபோசோம் என்ற குட்டி மணிகள் ஒட்டியிருக்கும். புரதம் செய்வது அவைதான்.

"அழுத்தமற்றதிலதான் இறைபோசோம் இருக்குது..."

விட்டேனா?

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? அழுத்தமா இருந்தால்தானே ஒட்டும்? மாறிப் பாடமாக்கிறாய்!"

"இல்லையப்பா, படிப்பிக்கிற சேர் அப்பிடித்தான் சொன்னவர்."

"சேர் அவசரத்தில மாறிச் சொல்லியிருப்பார். எனக்குத் தமிழ் தெரியாதே? கிழமைக்குக் கிழமை பத்திரிகையில எழுதிறன்!"

புத்தகத்தை எடுக்கப் போனாள். "ஏன், என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று மறித்தேன். "சரியப்பா" என்றாள்.

நான் படித்தது வணிகம். ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நினைப்பு இருக்கிறதே... அது பொல்லாதது.

செவ்வாய்க்கிழமைதான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். அழுத்தமானது என்றால் வழுவழுப்பானதாம். மணிகள் ஒட்டிய மேற்பரப்பு சொரசொரப்பு — ஆகவே அழுத்தமற்றது. கலத்தின் கருவிலிருந்து வரும் செய்தியை அந்த மணிகள் வாசித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்க்கின்றன. அப்படிச் செய்த புரதத்தை வலை உள்ளே வாங்கி, மடித்து, உரிய இடத்துக்கு அனுப்புகிறது. வந்த செய்தியை வந்தபடியே வாசிப்பதுதான் அவற்றின் வேலை. 'மாறிச் சொல்லியிருப்பார்' என்று இடையில் திருத்துவதில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. கதவைத் தட்டினேன்.

"நான்தான் பிழை, பிள்ளை. மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்லையப்பா." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போது அவள் சத்தமாகப் பாடமாக்குவதில்லை. பின்னேரங்களில் கோச்சிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பரீட்சைக்கு முதல் நாள் இந்த வீட்டில் அழுத்தமாக இருந்தது என் குரல் ஒன்றுதான்.