முப்பத்திரண்டு கோரும் ஒரு மாடிப்படியும்

அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘சந்தேகம் மேடம்’. கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இன்ஜினியருக்கு அது ஒன்றும் கெட்ட பெயர் இல்லைதான். ஆனால் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை. “உறுதியா சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “பாத்தவரைக்கும் சரியாத்தான் தெரியுது, எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்” என்பாள். பதினேழு வருஷத்தில் ‘சந்தேகமே இல்லை’ என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பிறவியிலேயே வந்த பயம் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு தூணுக்குப் போட வேண்டிய கம்பியின் அளவைக் கம்ப்யூட்டர் பாதியாகக் காட்டியது. பக்கத்துத் தூண்களெல்லாம் ஒரு மாதிரி இருக்க, இது மட்டும் ஏன் இப்படி என்று கையால் போட்டுப் பார்த்தாள். தப்பு. அவள் கொடுத்த எண்களில் குறையில்லை. மெஷினுக்குள் மெமரித் துண்டு ஒன்று கெட்டுப்போய் ஓர் எண்ணைத் தானாகவே மாற்றி வைத்திருந்தது. அதைப் பற்றி மெஷின் மூச்சுக்கூட விடவில்லை. “அதான் கண்டுபிடிச்சாச்சே, விடும்மா” என்று மேலதிகாரி சிரித்தார். கண்ணில் படாமல் போன எண்கள் எத்தனையோ என்று அவள் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். மகள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு நாள் தேடி வந்தார். ஐம்பது வருஷத்துக் கட்டடம். மேற்குப் பக்கத் தூண்களில் விரிசல். போதாக்குறைக்கு மொட்டை மாடியில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டடம் தாங்குமா தாங்காதா என்று காற்றுக் காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

தூண்களைத் துளைத்து எடுத்த கான்கிரீட் இடத்துக்கு இடம் வேறு பலம் காட்டியது. ஆகவே பலத்தையும் காற்றையும் மாற்றி மாற்றி, ஒரே கணக்கைப் பல ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுடைய லேப்டாப்பில் அது முடிய நான்கு மாதம் பிடிக்கும். காற்றுக்கு இருந்ததோ மூன்று வாரம். மகளின் வகுப்பு மேற்குப் பக்கம், முதல் மாடி. அவள் மறுநாளே பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போனாள்.

“அக்கா, இதைப் பாருங்க. கண்ணாடிப் பெட்டி, உள்ள கலர் கலரா லைட்டு. எட்டு கோர், புத்தம் புதுசு. பறக்கும்” என்றார் கடைக்காரர்.

“பறக்க வேண்டாம்ணா. ஒரே நேரத்துல நிறைய பேர் உக்காந்து கணக்குப் போடணும். மெதுவா போட்டாலும் பரவாயில்ல.”

கடையின் பின்னறையில் அவள் தேடியது கிடைத்தது. ஏதோ ஒரு நிறுவனம் கழித்துப் போட்ட சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு ப்ராசஸர்கள், ஒவ்வொன்றிலும் பதினாறு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பதினாறு மூளை, இரண்டையும் தாங்கும் ஒரு மதர்போர்டு. எல்லாம் சேர்த்து அந்தப் புது மெஷினில் பாதி விலைகூட இல்லை. மெமரியில்தான் பேச்சு இழுத்தது.

“சாதா மெமரி போட்டா இன்னும் குறையும் அக்கா. இந்த போர்டுல ரெண்டுமே ஓடும்.”

“தப்பு நடந்தா சொல்லுமா?”

“அது எங்க சொல்லும்? அதுபாட்டுக்கு ஓடும்.”

“அப்ப வேண்டாம். தப்பைப் பிடிச்சு எழுதி வைக்கற சர்வர் மெமரியே குடுங்க.”

அதற்குப் போன காசில் பெட்டி வாங்க முடியாமல் போயிற்று. வீட்டில் செருப்பு ரேக்கைக் கழுவி, மேல்தட்டில் போர்டை வைத்தாள். செருப்புகள் கட்டிலுக்கு அடியில் போயின. ப்ராசஸரைப் பொருத்தும் இடத்தில் முடிபோன்ற ஊசிகள் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒன்று வளைந்தாலும் எல்லாம் பாழ். அவள் ப்ராசஸரை இரண்டு விரலால் பிடித்து இறக்கினாள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவன் பக்கத்தில் நின்று, “கிளட்ச் விடற மாதிரி மெதுவா விடு” என்றான். அவனுக்கே வேர்த்துவிட்டது.

சுவிட்சைப் போட்டதும் மின்விசிறிகள் அலறின. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம். அவள் வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். இந்த வகை போர்டு மெமரி முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும் என்பது ஐந்தாம் நிமிஷம் திரை வெளிச்சமானபோதுதான் தெரிந்தது. அதோடு விட்டாளா? இரண்டு நாள் மெமரிச் சோதனை வேறு ஓட்டினாள். ஒரு துண்டில் பிழை வந்தது. கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு, மறுபடி இரண்டு நாள் ஓட்டினாள். அப்புறம்தான் பள்ளிக் கணக்கை ஆரம்பித்தாள்.

“மெஷின் எப்படிம்மா இருக்கு?” என்று தலைமை ஆசிரியை போனில் கேட்டார்.

“எல்லாம் பழைய இரும்புதான் மேடம். செருப்பு ரேக்ல உக்காந்து வேலை பாக்குது.” இருவரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பத்தரைக்குக் கணக்கு முடிந்தது. காற்று இந்த வருஷம் முந்திக்கொண்டிருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். வெளியே இப்போது அடிக்கும் இதே காற்றுக்கு, கணக்கு ஓடிய நூறு தடவைக்கு இருபத்து மூன்று தடவை, மேற்கு மாடிப்படியை ஒட்டிய மூன்று தூண்கள் கைவிட்டன.

மெஷின் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று மனசாரக் கும்பிட்டாள். பிழைகளை எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். பூஜ்யம். ஒரு தூணைக் கையால் போட்டுப் பார்த்தாள். எண் அப்படியே வந்தது. போனை எடுத்தாள்.

“மேடம், பிள்ளைங்களை உடனே வெளிய கொண்டு வாங்க.”

“இப்பவா? பரீட்சை நடக்குதேம்மா. அம்பது வருஷமா நிக்கற கட்டடம்... நீங்கதானே பழைய இரும்புன்னு சொன்னீங்க? அது தப்பா சொல்லியிருந்தா? உறுதியா சொல்றீங்களா?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பாகிப்போனால் இனி ஒருவரும் அவளை நம்பி ஒரு சுவரைக்கூடக் காட்ட மாட்டார்கள். ஜன்னல் படாரென்று அடித்தது.

“சந்தேகமே இல்ல மேடம்” என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “மேற்குப் படி வேண்டாம். யாரையும் அதுல இறக்காதீங்க. கிழக்குப் படி வழியா, ஒவ்வொரு வகுப்பா.”

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மணி அடிப்பது கேட்டது.

செருப்புகள் கட்டிலுக்கு அடியில் இருந்தது அவளுக்கு ஞாபகமே வரவில்லை. வெறுங்காலோடு நான்கு தெரு ஓடினாள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியை கட்டடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டடம் ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிராமல் நின்றது. மகள் வினாத்தாளைக் கசக்கிப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னும் மூணு கணக்கு பாக்கி இருந்துச்சும்மா. கட்டடம் நல்லாத்தானே நிக்குது?”

அவள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அது நிக்கட்டும்டி. நீ இங்க நில்லு.”