சாமிப்பட்டணத்தின் வாசல் சட்டம்

வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்கு நடைமுறை சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். எந்த மனு எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும், எந்த முத்திரை முதலில் விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பந்தியில் வரிசையைத் திருத்துகிறேன் என்று மருமகள் குறைப்படுகிறாள். இந்தப் பழக்கம் அலுவலகத்தில் வந்ததென்று அவள் நினைக்கிறாள். அது சாமிப்பட்டணத்தில் வந்தது.

அந்த ஊரை வரைபடத்தில் தேட வேண்டாம். அதைக் கட்டியவர் என் தாய்மாமா.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். கிராணி வீடு என்றால் தொழிலாளர்களின் லயத்து வீட்டைவிட ஓர் அறையும் ஒரு படிக்கட்டும் கூடுதல், அவ்வளவுதான். மாமா கோத்தா கோலா மூடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருவார். அரிசி ஆலையில் வேலை என்பதால் தலைமுடியில் எப்போதும் உமி இருக்கும். எனக்கு ஒரு கச்சாங் கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, முன்படிக்கட்டில் உட்கார்ந்து, தொலைவில் மேகம் மூடிக் கிடக்கும் ஜெராய் மலையைக் காட்டி ஆரம்பிப்பார்.

அந்த மேகத்துக்குள்தான் சாமிப்பட்டணம் இருந்தது. நெருப்பு ஜனம், தண்ணி ஜனம், காத்து ஜனம், மண்ணு ஜனம் என்று நான்கு ஜனங்களுக்கும் அது ஒரே புனித ஊர். ஊர் நடுவில் ஒரு கல். அந்தக் கல்லைத் தொட்டால்தான் நெருப்பு ஜனத்துக்குச் சூடு தங்கும், தண்ணி ஜனத்துக்கு ஓட்டம் நிற்காது. ஊர் தங்களுக்காகவே கட்டப்பட்டது என்று ஒவ்வொரு ஜனமும் நம்பியது. மற்றவர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்பதிலும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

நெருப்பு ஜனம் தெருவில் நடந்தால் தண்ணி ஜனம் ஆவியாகிவிடும். தண்ணி ஜனம் தும்மினால் நெருப்பு ஜனத்தில் நாலு பேர் அணைந்துபோவார்கள். ஆகவே யார் எந்த வாசலில் வர வேண்டும் என்று சட்டம் வேண்டியிருந்தது. மாமா சட்டத்தைச் சொல்லச் சொல்ல நான் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பேன்.

"மண்ணு ஜனத்துக்கு எந்த வாசல் மாமா?"

"அவங்களுக்கு வாசல் இல்ல பாப்பா. அவங்க உள்ளேயேதான் இருப்பாங்க. மத்தவங்க எல்லாம் அவங்க மேலதான் நிப்பாங்க."

"அது நியாயம் இல்லையே."

"இல்லதான்," என்றார் மாமா. அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் பொட்டலத்திலிருந்து ஒரு கச்சாங்கை எடுத்து மென்றார். அன்று கதை அதற்கு மேல் ஓடவில்லை.

அடுப்படியில் இருந்தது அம்மா.

எனக்கு இரண்டு தாத்தாக்கள். அப்பாவின் அப்பா எங்களோடு இருந்தார், அவர் வீட்டுத் தாத்தா. ரப்பர்ப் பாலை உலர்த்தும் புகைவீட்டில் விறகு போட்டே தலை நரைத்தவர். காலையில் ஜெபமாலை, மாலையில் சுருட்டு. அம்மாவின் அப்பா கோத்தா கோலா மூடாவில் மீன் படகுகளுக்கு ஐஸ் அறுத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் இருந்தார். நெற்றியில் திருநீறு, விரல்களில் எப்போதும் குளிர். அவரை நான் ஐஸ் தாத்தா என்பேன். அம்மா எங்களை அங்கே கூட்டிப்போவாள். அவர் மட்டும் எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை.

மதம் காரணமா என்றால் இருவருமே இல்லை என்றுதான் சொல்வார்கள். காரணம் முறை. அப்பா அம்மா கல்யாணத்துக்கு வீட்டுத் தாத்தா தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைக்காமல், மீன் லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். மீன் லாரியில் வந்த அழைப்புக்குத் தக்கபடி ஐஸ் தாத்தாவும் நடந்துகொண்டார். வந்தார், மாதா கோயிலுக்குள் வராமல் வெளியே மரத்தடியில் நின்றார், தாலி கட்டியதும் பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து, முறையாக அழைத்தால் வருவேன் என்று ஒருவர், அன்று உள்ளே வராதவரை நான் ஏன் போய் அழைக்க வேண்டும் என்று மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது அத்தனை வருடம் நீடித்தது.

பிறகு தம்பி பிறந்தான். சுங்கை பட்டாணி மாதா கோயிலில் ஞானஸ்நானம், மதியம் வீட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் என்று முடிவானது. அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் விருந்துக்குக் கலக்கும் ரோஜா சர்பத்தைச் சொல்லி, "பண்டோங்குக்கு ஐஸ் வேணுமே" என்று மாமாவிடம் சொன்னாள். பீடோங் கடையிலேயே ஐஸ் கிடைக்கும் என்பது எனக்கே தெரியும். மாமா வாங்கி வருவதாகத் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிறு சாமிப்பட்டணத்தின் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இனிமேல் அந்த ஊரில் யாரும் யாரையும் அழைக்கக் கூடாது. அழைக்கிறவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான், ஊருக்கு வீட்டுக்காரன் கிடையாது. எல்லா ஜனமும் வெளியே நிற்க வேண்டும். காத்து ஜனம் ஊதும்போது அவரவர் வாசல் வழியாக ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும். கையில் இருப்பதை வாசலில் வைத்துவிட வேண்டும். கல்லைத் தொடும்வரை பேசக் கூடாது. போகும்போது வந்த வாசல் வழியாகவே போக வேண்டும். நான் அதை மூன்று முறை ஒப்பித்துக் காட்டினேன். சட்டத் திருத்தங்கள் எப்போதும் யாரோ ஒருவருடைய அவசரத்துக்காகவே வருகின்றன என்பது பிற்பாடு வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அடுத்த வாரம் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. எண்ணெய் பூசியபோது தம்பி அழுதான், தண்ணீர் ஊற்றியபோது தூங்கிவிட்டான். நாங்கள் வீடு திரும்பிச் சற்று நேரத்தில் மாமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது; அது எங்கள் சந்து முனையில் இருந்த மாமரத்தடியோடு நின்றுபோனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னால் ஐஸ் தாத்தா, புது வேட்டி, மடியில் மரத்தூளும் சாக்கும் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி. இறங்கி மரத்தடியில் நின்றுகொண்டார்.

"பாப்பா, உங்க தாத்தாகிட்டப் போயி நான் வந்திருக்கேன்னு சொல்லாத. வண்டி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். வீட்டுத் தாத்தா வராந்தாவில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி கெட்டா ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும். என்கிட்ட எதுக்குச் சொல்ற? வாசல் தொறந்துதானே கெடக்கு. யார் வேணா வரட்டும்."

மரத்தடிக்கு ஓடினேன்.

"வாசல் தொறந்திருந்தா கோழிகூடத்தான் போகும். நான் கோழியா?"

வராந்தாவுக்கு ஓடினேன். "தாத்தா, அவரு கோழியான்னு கேக்குறாரு."

"கோழியா இருந்தா இந்நேரம் உள்ள வந்திருக்கும்னு சொல்லு."

உறவினர்கள் பசியோடு இருந்தார்கள். அப்பா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுப்படியில் அம்மா நெய்ச்சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். யாருக்கும் பரிமாறும் உத்தேசம் தெரியவில்லை. என்னைக் கண்டதும் ஒன்றுதான் கேட்டாள்.

"தாத்தா நெழல்லதான் நிக்கிறாரா?"

"நெழல்லதான்மா."

சரி என்று மூடியை மறுபடி வைத்தாள்.

மரத்தடியில் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் ஒரு வாய்க்கால் ஓட ஆரம்பித்திருந்தது. மாமா ஒரே திருகாணியைக் கழற்றுவதும் அதையே மாட்டுவதுமாக இருந்தார்.

"ஐஸ் கரையுது பாப்பா," என்றார் தலை நிமிராமல். "நம்ம பட்டணத்துல இப்படி ஆனா என்னலா செய்வாங்க?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். இது சட்டத்தில் இருந்தது! போன வாரம் வந்த திருத்தம் வரிக்கு வரி இதற்கென்றே எழுதியதுபோல இருந்தது. இத்தனை பெரியவர்களில் ஒருவருக்குக்கூட ஞாபகம் வரவில்லையே என்று அவர்கள்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

நேரே வராந்தாவுக்குப் போனேன்.

"தாத்தா, நீங்க வெளிய போகணும்."

"நானா? என் வீட்டை விட்டா?"

"உள்ள யாரும் இருக்கக் கூடாது. இருந்தா அவங்க வீட்டுக்காரங்க ஆயிடுவாங்க. வீட்டுக்காரங்கன்னு யாரும் இல்ல. யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மாமா ஹாரன் அடிச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள வரணும்."

"யாரு சொன்னா?"

"சட்டம் தாத்தா."

வீட்டுத் தாத்தா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். மாமரத்தடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு எந்த வாசல்?"

"பின்வாசல். நீங்க நெருப்பு. பொகவீடு அந்தப் பக்கம்தானே இருக்கு?"

பக்கத்தில் நின்ற அத்தை வாயில் கையை வைத்தாள். அப்பா நாற்காலி எண்ணுவதை நிறுத்தினார். பின்வாசல் என்றால் அடுப்படி வாசல். கோழியும் விறகும் வரும் வழி. குடும்பத் தலைவரை அங்கே நிறுத்திவிட்டு, அவருக்கு ஆகாத சம்பந்திக்கு முன்வாசலை ஒதுக்கியிருந்தேன். எனக்கு அது வெறும் திசை.

தாத்தா எழுந்தார். சுருட்டை வராந்தாக் கம்பியின்மேல் வைத்தார். "சட்டம்னா சரி," என்று படியிறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

மரத்தடியில் விளக்கம் சொன்னபோது ஐஸ் தாத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டார்.

"நான் முன்வாசலா?"

"ஆமா. கடல் இந்தப் பக்கம்தானே?"

"அவரு?"

"பின்வாசல். போயி நிக்கிறாரு."

"அவரு வீட்டுலயே அவரு பின்வாசலா?"

மாமாவிடம் திரும்பினார். மாமா திருகாணியில் மும்முரமாக இருந்தார். ஐஸ் தாத்தா வேட்டியை இழுத்துச் சரிசெய்தார், திருநீறு கலைந்திருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஐஸ் சாக்கைத் தானே தூக்கிவந்து முன்படிக்கட்டில் சட்டப்படி வைத்தார். சட்டத்தில் ஒரு ஓட்டையையும் அவர் தேடவில்லை. எத்தனையோ சன்னல்களில் பிறகு நான் கண்டதும் இதுதான். சட்டம் பிடிக்காதவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே போக நினைத்த இடத்துக்கே சட்டம் தங்களை அனுப்பினால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மாமாவின் வண்டி அதிசயமாக உயிர் பெற்றது. ஹாரன் அடித்தார். வேண்டியதற்கு மேலேயே அடித்தார்.

நான் கூடத்தின் நடுவில் தம்பியின் தொட்டில் பக்கம் நின்றிருந்தேன். வீட்டில் கல் எதுவும் இல்லாததால் தம்பியைக் கல்லாக நியமித்திருந்தேன். வீட்டுத் தாத்தா அடுப்படியைக் கடந்து வந்தார். அந்த அடுப்படிக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. மூடியைக் கையில் பிடித்தபடி அம்மா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். "வாசனை நல்லா இருக்கும்மா," என்று அவர் சொன்னது சட்டமீறல்தான். மெதுவாகச் சொன்னதால் விட்டுவிட்டேன். முன்வாசலில் ஐஸ் தாத்தா, குனியத் தேவையே இல்லாத உயரத்தில் இருந்த நிலையைக் குனிந்து தாண்டினார்.

இருவரும் தொட்டிலின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். யாரும் முந்தக் கூடாது என்று ஞாபகப்படுத்தினேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருக்கும் பையன்கள்போல ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு பாதத்தைத் தொட்டார்கள். ஐஸ் தாத்தாவின் விரல் குளிர்ந்திருக்க வேண்டும். தம்பி ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டு தூங்கினான்.

"ஐஸ் கரைஞ்சிரும்," என்றார் வீட்டுத் தாத்தா.

"பாதிதான் போயிருக்கு சம்பந்தி," என்றார் ஐஸ் தாத்தா.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அப்பா உலக்கையால் ஐஸை உடைத்தார். அம்மா பரிமாறிய வேகத்தில் நெய்ச்சோறு இலைக்கு வெளியேயும் விழுந்தது. ஐஸ் தாத்தா ஆட்டுக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். வீட்டுத் தாத்தா அவருக்கு ஒரு சுருட்டு கொடுத்தார். பிடிக்கும் பழக்கம் இல்லாத ஐஸ் தாத்தா அதைக் காதில் செருகிக்கொண்டார். நான் பண்டோங் குவளையோடு நடுவில் உட்கார்ந்து, ஒரு சட்டம் ஒழுங்காக அமலானால் உலகம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் ஐஸ் தாத்தா புறப்பட்டார். வழியனுப்ப வீட்டுத் தாத்தாவும் எழுந்தார். இருவரும் சேர்ந்தே முன்வாசல் வழியாக இறங்கினார்கள். ஒருவர் பேச, மற்றவர் தலையாட்ட, மாமரத்தைப் பார்த்து நடந்தார்கள்.

"தாத்தா! நீங்க பின்வாசல்! வந்த வழியாத்தான் போகணும்!"

இருவரும் திரும்பவில்லை. படிக்கட்டில் நின்று மறுபடி கத்தினேன். மாமா வண்டியை உதைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரே இயற்றிய சட்டம், அவர் கண்ணெதிரே உடைகிறது, மனிதர் சிரிக்கிறார்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். தூக்கமா! இத்தனை பாடுபட்டு அமல்படுத்திய சட்டத்தின் கடைசி விதி என் கண்முன்னே மீறப்படுகிறது, அதைக் கவனித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மாமரத்தடியில் இன்னும் பேசி முடிக்காமல் நின்ற இருவரையும் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

வீட்டில் சட்டத்தை மதிக்கும் இன்னொரு ஆள் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, அடுத்த தடவ அவங்க சரியா செய்வாங்க," என்றேன்.