கோதாவரிக்கா, கிருஷ்ணாவுக்கா?

பேகம்பேட்டில் ஒரு சின்ன அலுவலகம். பழைய நில வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நான் ஹைதராபாத் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் என் மேஜைக்கு வந்த தாளில் நாங்கள் குடியிருந்த ராமச்சந்திராபுரமே இருந்தது. அதன் குறுக்கே நான் ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டுக்கு மேற்கே விழும் மழை மஞ்சீரா வழியாகக் கோதாவரிக்குப் போகும். கிழக்கே விழுவது மூசி வழியாகக் கிருஷ்ணாவுக்கு.

மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் மேலாளர் திருப்பிக் கொடுத்தார். செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர்; 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எதற்கு' என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருது கலந்துதான் பேசுவார்.

"நக்கோம்மா. உன் கோடு ஓடையைத் தாண்டுது பாரு. கோடு மேட்டு மேலதானே போகணும், தண்ணி மேட்டுல ஏறுமா?"

"அங்க மேடே கிடையாது சார். நான் தினமும் பஸ் ஏறுற இடம்."

"கண்ணுக்குத் தெரியாது. ஷீட்ல இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும், தாளின் நகலோடு கணவரையும் இழுத்துக்கொண்டு அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். தொழிற்சாலையில் பொறியாளர் அவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னட்டி இது? ரெண்டு ஆத்தைப் பிரிக்கணும்னா ஒரு குன்றாவது வேண்டாமா? எல்லாம் தட்டையால்லா கிடக்கு."

சாலையோர வாய்க்காலில் ஓர் இலையைப் போட்டேன். மெதுவாக மேற்கே நகர்ந்தது. ஒரு லாரி போனதும் அலையடித்துக் கிழக்கே வந்துவிட்டது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த பெண், எதைத் தொலைத்தோம் என்று கேட்டாள். அரைகுறைத் தெலுங்கில் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"முந்து அட்டு, இப்புடு இட்டு," என்று கையை முதலில் மேற்கிலும் பிறகு கிழக்கிலும் காட்டினாள். முன்பு அந்தப் பக்கம், இப்போது இந்தப் பக்கம். சாலையை உயர்த்தியதிலிருந்து என்று சொன்னதாக எனக்குப் பட்டது.

"அவ பஸ் ஸ்டாப்பை மாத்தினதைச் சொல்லுதா," என்றார் கணவர்.

திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நம்ம வேலை ஷீட்ல இருக்கறதை ஏத்தறதுதான்."

"அப்போ தண்ணி நிஜமா எங்க சார் போகுது?"

"கைக்கு என்னைக் கேக்கறே? எனக்கும் தெரியலம்மா."

தாளில் இருந்தபடியே வரைந்தேன். ஏற்றுக்கொண்டார். அதன்படி எங்கள் வீடு கோதாவரிப் பக்கம். அதற்குப் பிறகும் மழை பெய்தால் குடையோடு அந்த வாய்க்கால்வரை போய் நிற்பேன். ஒருமுறை தண்ணீர் கிழக்கே போனது. அடுத்த வாரம் எந்தப் பக்கமும் நகராமல் நின்றது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.