ஒரு சாண் இடத்தில் ஒரு கோழி

சாக்கை இரண்டு முறை துவைத்த பிறகும் முகர்ந்து பார்ப்பாள். தீவன வாடை மிச்சமிருந்தால் மறுபடி ஊறப்போடுவாள். வாடை போன சாக்கைத் தரையில் விரித்து, நீளத்துக்கு ஒரு சாண், அகலத்துக்கு ஒரு சாண் என்று கையாலேயே அளந்து கத்தரிப்பாள். அவள் வேலை பார்த்த பண்ணையில் ஒரு கோழிக்குக் கூண்டில் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்தத் துண்டில் கோழியை அதன் முழு அளவுக்கு வரைவாள். எப்படி அடங்கும்? ஒன்றில் வால் வெளியே போய்விடும், இன்னொன்றில் கொண்டை.

"படம் பாதியில வெட்டுப்பட்டிருக்கே?" என்று யாராவது கேட்டால், "அதுவும் நகர்ந்து உட்காரப் பார்த்துச்சுங்க, முடியல," என்பாள். சிரிக்க மாட்டாள்.

பதினோரு வருஷம் அவளுக்குக் குஞ்சுகளின் அலகு நுனியைச் சூடான தகட்டில் வைத்துத் தீய்க்கும் வேலை. கூண்டு நெருக்கடியில் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. ஏன் விட்டாள் என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. "ஒருநாள் காலையில செருப்பை மாட்டினேன். கழட்டிட்டேன்."

தேர்ந்த ஓவியர் என்று சொல்லிவிட முடியாது. கோழியின் கால்கள் குச்சி குச்சியாக நிற்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற கவலை அவளுக்குக் கிடையாது. கோழியின் கண்கள் மட்டும் பிசகியதில்லை. வீட்டுக்காரர் தையல்காரர். கூடத்தில் படங்கள் காயும்போது அங்கே சட்டை மாற்ற மாட்டார். "இத்தனை பேரு முறைச்சுப் பார்க்கிறப்ப எப்படிம்மா?" என்று உள்ளே போய்விடுவார்.

சிவப்பு வண்ணம் கொண்டைக்கு மட்டும்தான். "ரத்தத்தை வரைஞ்சா ரத்தத்தைத்தான் பார்ப்பாங்க. கோழியைப் பார்க்க மாட்டாங்க."

நூலகக் கூடத்தில் படங்களை மாட்ட ஒரு வாரத்துக்குச் சுவர் கிடைத்தது. சுற்றிலும் இருபது கோழிகள். நடுவில் பெரிதாக ஒரு கை, அதில் ஒரு குஞ்சு, எதிரே தகடு. மறுநாள் திறப்பு என்றிருந்தபோது அக்கா வந்தாள். அதே பண்ணையில், அதே வேலையில் இன்னும் இருப்பவள். தங்கையை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

"சூப்பர்வைசர் கேட்டுட்டாரு, 'உன் தங்கச்சி வரைஞ்சிருக்காளாமே, அது யார் கை?'ன்னு. நாளைக்குப் பார்க்கிறவங்க என் கைன்னுதான் சொல்லுவாங்க. என் வேலை போச்சுன்னா நீ சோறு போடுவியா? கழட்டுடி."

"அது என் கைக்கா."

"அப்படின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியைப் பிடித்தாள். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளோடு வழக்காட அவளுக்கு வராது.

அதற்குள் அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இரு. என்ன பிடி இது?"

"ஏன்?"

"ஆள்காட்டி விரல் எங்கேயோ போகுது. தொண்டையை லேசா அழுத்தினாத்தானே நாக்கு உள்ள போகும்? இல்லேன்னா நாக்கும் சேர்ந்துல்ல வெந்துடும்! மூணு வருஷத்துல மறந்துட்டியா?"

அவள் படத்தைப் பார்த்தாள். வலக்கையில் தூரிகை இருந்ததால், இடக்கையைப் பார்த்து வரைந்திருந்தாள். இடக்கை ஒருநாளும் அந்த வேலையைச் செய்ததில்லை.

"இதை மாட்டினா, தெரிஞ்சவங்க பொய்யின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க," என்றாள் அக்கா.

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். படத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாக நின்று வலக்கையை நீட்டினாள். காற்றில் ஒரு குஞ்சு இருப்பதுபோல, பிடரிக்குக் கட்டைவிரலும் தொண்டைக்கு ஆள்காட்டி விரலும் தாமாகவே வந்து நின்றன.

"அப்புறம் இது நிஜமாவே உன் கை ஆயிடும்க்கா."

"வரை."

அக்கா இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, கையை அசையாமல் நிறுத்திக்கொண்டாள்.