செண்பகத்தின் ஊதா விளக்கு

செண்பகம் சிஸ்டர் படியேறி வருகிறாள் என்றால் வார்டில் பாதிப் பேர் கை கழுவ ஓடுவார்கள், மீதிப் பேர் பாத்ரூமில் போய் நின்றுகொள்வார்கள். அடையாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வதும், அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. டாக்டர், நர்ஸ், படிக்க வரும் பிள்ளைகள், யாரையும் விடமாட்டாள். கையில் வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. மேற்கு மாம்பலத்து வீட்டில் மாமியார் வைதேகிக்கு அது ஆகவே ஆகாது.

"கல்யாணமானவ இப்படி மொட்டைக் கையோட நிக்கலாமா?"

"வளையலுக்கு அடியிலதான் அத்தை கிருமி குடித்தனம் பண்ணும்" என்பாள் இவள். புருஷன் மதிவாணன் நடுவில் வாயே திறக்கமாட்டான், பிழைக்கத் தெரிந்தவன்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஆரோக்கியராஜ், சாந்தோம் குப்பத்து மீனவர். காலில் திருக்கை மீனின் முள் ஏறி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, வலி விட்டதும் நிறுத்தி, மறுபடி வாங்கி, மறுபடி நிறுத்தி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது புண்ணில் இருந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்குவதாயில்லை. தனி அறை காலியில்லை. பக்கத்துக் கட்டிலில் அனு, குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆன பள்ளிக்கூடப் பிள்ளை. இந்தக் கிருமி அந்த வயிற்றுக்குள் போய்விட்டால் என்னத்தைக் கொடுப்பது? வார்டு நர்சுகளிடம் சொல்லிப் பார்த்தாள். "நாங்கதான் கை கழுவறோமே சிஸ்டர்" என்றார்கள்.

சரி, காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். காலையில் ஆரோக்கியராஜின் கட்டில் கம்பியில் ஒரு பவுடரைப் பூசினாள். அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கு பட்டால்தான் ஒளிரும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

"இன்னா சிஸ்டர், கட்டிலுக்கு மேக்கப்பா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"மூச்சு விடக் கூடாது."

மத்தியானம் நர்சிங் மாணவர்கள் வந்தார்கள். திரையை இழுத்து, லைட்டை அணைக்கச் சொன்னாள். ஹம்மாத் என்ற மாணவன் ஊதா விளக்கைப் பிடித்தான். கட்டில் கம்பி பச்சையாக மின்னியது. மருந்துத் தள்ளுவண்டியில் பச்சை, கதவுப் பிடியில் பச்சை, யாரோ ஒருத்தியின் செல்போனிலும் பச்சை. பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள்.

ஹம்மாத் சும்மா இருக்காமல் விளக்கை மேலே தூக்கினான். சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆரோக்கியராஜின் நெற்றியில் ஒரு சிலுவை ஒளிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த அனுவின் நெற்றியில் ஒரு கோடு. அதற்கடுத்த கட்டிலில் ஒரு கோடு, அதற்கடுத்தும். இருட்டில் முகங்கள் தெரியவில்லை, வரிசையாக நெற்றிகள் மட்டும். கட்டில் கட்டிலாக வந்து ஏதோ ஒன்று எல்லோரையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது.

"எவன் வேலைடா இது?" என்றாள் செண்பகம்.

கதவோரம் நின்ற மூத்த நர்ஸ் தேவானை மெல்லத் தன் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் பச்சையாக எரிந்தது.

தினமும் மயிலாப்பூர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவருவாள் தேவானை. கட்டு மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் வைப்பாள். முதலில் ஆரோக்கியராஜுக்கு, பார்க்க வர நாதியில்லாத மனுஷன் என்று. அவருக்கு மட்டும் சிலுவையாகப் போடுவாள். கழுவிய கையைக் கட்டில் கம்பியில் ஊன்றிக் குனிந்து வைப்பாள், அதே விரலோடு அடுத்த கட்டிலுக்குப் போவாள். ஊசிக்கு ஆளுக்கொரு தரம் கை கழுவுகிறவளுக்கு, விபூதிக்கும் கழுவ வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அறிவிருக்காடி ஒனக்கு?" என்று செண்பகம் பாய்ந்தாள்.

"சிஸ்டர்..." என்றான் ஹம்மாத். விளக்கு அவள் பக்கம் திரும்பியிருந்தது. "ஒங்க நெத்தியிலயும் கீது சிஸ்டர்."

தினமும் காலையில் தேவானையின் விபூதிக்குச் செண்பகமும்தான் நெற்றியைக் காட்டிக் குனிந்தாள். அவளுக்கும் தோன்றவில்லை. கோபமெல்லாம் வடிந்தது. பவுடரைப் பூசியது இன்றைக்குத்தான், தேவானை விபூதி வைப்பது ஆரோக்கியராஜ் வந்த நாளிலிருந்து. விளக்கு அனு பக்கம் திரும்பியபோது அவள் தூக்கத்திலேயே நெற்றியைச் சொறிந்தாள். அந்தக் கை பிறகு போர்வைக்குள் நழுவி, வயிற்றுக் கட்டின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. போகிற வழியில் விரல் உரசிய போர்வை ஓரம் பச்சையாக மின்னியது.

"லைட்டைப் போடுங்க" என்றாள் செண்பகம்.

சாயங்காலம் அனுவுக்குக் காய்ச்சல் கண்டது. அவசரப் பரிசோதனையின் முடிவு வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, அதே கிருமி. அவசரமாக ஒரு தனி அறையைக் காலி செய்து மாற்றினார்கள். பழைய மருந்து ஒன்றை, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று தெரிந்தும், ஏற்றத் தொடங்கினார்கள். கேட்குமா கேட்காதா என்று டாக்டருக்கே தெரியாது.

மறுநாள் காலை தேவானை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அந்த அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகவில்லை. செண்பகம் பக்கத்தில்தான் இருந்தாள்.

அனு கண்ணைத் திறந்து பார்த்தாள். "அக்கா, இன்னிக்கு விபூதி வெக்கலியா?" என்று நெற்றியைக் காட்டினாள்.

தேவானை கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.